லுவா 5.4: பூலில் சும்மா கிடக்கும் கோரூட்டீன்கள் 46 எம்பி பிடித்து வைத்திருக்கின்றன

மக்கன்பேடா (காட்பாடி) கேட்டது:

ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர் வரைக்கும் பரவியிருக்கிற தண்ணீர் மீட்டர்களிலிருந்து அளவீடு வாங்குகிற சர்வர் இது. தோல் ஷெட், ஓவர்ஹெட் டேங்க், பம்ப் ஹவுஸ் எல்லாம் சேர்த்து 1800 மீட்டர். ஒவ்வொன்றும் டிசிபி கனெக்‌ஷனைத் திறந்தே வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பும். லுவா மொழி 5.4.6, எபோல் (எந்தச் சாக்கெட்டில் டேட்டா வந்தது என்று சொல்லும் லினக்ஸ் வசதி) மேலே சொந்தமாக எழுதிய ஷெட்யூலர், ஒரே த்ரெட், 512 எம்பி விபிஎஸ்.

ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு கோரூட்டீன். கோரூட்டீன் என்றால் நடுவில் நின்று (யீல்டு), எழுப்பினால் (ரெஸ்யூம்) விட்ட இடத்திலிருந்தே தொடரும் ஃபங்ஷன். வேலை முடிந்ததும் அது பூலுக்குப் போய்விடும், அடுத்த கனெக்‌ஷன் அதையே எடுத்துக்கொள்ளும். சாதாரண நாளில் கலெக்ட்கார்பேஜ் கவுண்ட் (லுவா பிடித்திருக்கிற மெமரி) 32 எம்பி காட்டும். சிக்கல் கோடை மழை நேரத்தில். சாயங்காலம் காற்று அடித்து கரண்ட் போய்த் திரும்பினால் எல்லா மீட்டரும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. பதில் லேட்டானால் மீட்டர் 10 செகண்டில் விட்டுவிட்டு மறுபடி கனெக்ட் பண்ணும். அப்போது கவுண்ட் 120 எம்பியைத் தொடுகிறது. எல்லாம் அடங்கின பிறகு கையால் முழு ஜிசி (பயன்படாத மெமரியைக் கூட்டி அள்ளும் வேலை) இரண்டு தடவை ஓட்டினாலும் 78-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பூலில் அப்போது 3400 கோரூட்டீன் சும்மா இருக்கிறது. டாப் கமாண்டில் ஆர்இஎஸ் (ப்ராசஸ் உண்மையில் பிடித்திருக்கிற ராம்) 150 எம்பி, அது அசைவதே இல்லை.

கோரூட்டீனின் உடல் இது. குறியீட்டைத் தமிழ் எழுத்திலேயே தட்டியிருக்கிறேன்:

உடல் = ஃபங்ஷன்(வேலை, ...)
  வேலை(...)
  வைல் ட்ரூ டூ
    வேலை = நில்
    பூல்[#பூல் + 1] = நான்
    வேலை = யீல்டு()
    வேலை(யீல்டு())
  எண்ட்
எண்ட்

கனெக்‌ஷன் டேபிளைத்தான் மூன்று புள்ளி வழியாக அனுப்புகிறேன். அதற்குள் 8 கேபி ரீட் பஃபர், கடைசி 20 அளவீடு, லாகுக்காக ஒரு ஹெக்ஸ் ஸ்ட்ரிங். வேலையை நில் ஆக்கித்தான் பூலில் வைக்கிறேன், அப்புறமும் எது பிடித்துக்கொண்டிருக்கிறது? கோரூட்டீனே இவ்வளவு பெரிதா? பூலுக்கு எவ்வளவு வரம்பு வைக்கலாம்?

கோட்டைஅகழி பதில்:

முதலில் வகுத்துப் பாருங்கள். 78-ல் 32 போனால் 46 எம்பி. அதை 3400-ஆல் வகுத்தால் ஒரு கோரூட்டீனுக்கு சுமார் 14 கேபி. வெறும் கோரூட்டீன் அவ்வளவு வராது.

64 பிட் மெஷினில் லுவா 5.4 ஒரு புது கோரூட்டீனுக்கு 40 இடம் உள்ள ஸ்டாக் ஒதுக்கும், பிழை சமாளிக்கக் கூடுதலாக 5. ஒரு இடம் 16 பைட், ஆக 45 × 16 = 720 பைட். அதன் மேல் த்ரெட் ஸ்ட்ரக்சர் இருநூறு பைட் அளவில், பிறகு ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பு ஆழத்துக்கும் 64 பைட் கால்இன்ஃபோ ஒன்று. மொத்தம் சுமார் 1 கேபி, கொஞ்சம் முன்னே பின்னே. 3400 சும்மா கிடந்தால் மூன்றரை எம்பி. மீதி 42 எம்பி கோரூட்டீன் இல்லை, கோரூட்டீன் கையில் பிடித்திருக்கிற சரக்கு. உங்கள் கனெக்‌ஷன் டேபிள் எவ்வளவு என்று அளந்து பாருங்கள், 12, 13 கேபி வரும் என்று நினைக்கிறேன்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்றால், அந்த மூன்று புள்ளி. லுவாவில் வேரார்க் ஃபங்ஷன் (மூன்று புள்ளி வாங்குகிற ஃபங்ஷன்) தொடங்கும்போது கூடுதல் ஆர்கியுமென்ட்கள் ஸ்டாக்கில் அந்த ஃபங்ஷனின் ஃப்ரேமுக்குக் கீழே தங்கிவிடும். பெயர் இல்லாததால் சாதாரணக் குறியீட்டில் அவற்றை நில் ஆக்க வழி கிடையாது. ஃபங்ஷன் ரிட்டர்ன் ஆனால்தான் போகும். உங்கள் உடல் முடிவில்லாத லூப், ரிட்டர்ன் ஆகவே ஆகாது. ஜிசி ஸ்டாக்கை அடியிலிருந்து உச்சி வரை மார்க் பண்ணுகிறது. ஆகவே ஒவ்வொரு கோரூட்டீனும் தான் பிறந்தபோது வாங்கின முதல் கனெக்‌ஷனைச் சாகும்வரை விடாது. இரண்டாவது, மூன்றாவது கனெக்‌ஷன்கள் ஒழுங்காகப் போய்விடும், ஏனென்றால் அவை லூப்புக்குள் வேலைக்கு நேரடியாகப் போகின்றன, அந்த அழைப்பு முடிந்ததும் தற்காலிக இடம் காலி. அதனால்தான் ஒரு கோரூட்டீனுக்கு ஒரு கனெக்‌ஷன் என்று கணக்கு இவ்வளவு சரியாக விழுகிறது.

கண்ணால் பார்க்க: பூலில் சும்மா இருக்கிற ஒரு கோரூட்டீனை எடுத்து டீபக்.கெட்லோக்கலுக்குக் கொடுங்கள், லெவல் 1, இண்டெக்ஸ் மைனஸ் 1. லெவல் 0 என்பது யீல்டு ஃபங்ஷனே, 1 தான் உங்கள் உடல். மைனஸ் எண் கொடுத்தால் வேரார்க் மதிப்புகள் வரும். பழைய கனெக்‌ஷன் டேபிள் அங்கே உட்கார்ந்திருக்கும். எத்தனை மிச்சம் என்று எண்ண வேண்டுமானால் எல்லா கனெக்‌ஷனையும் ஒரு வீக் கீ டேபிளில் (தன் கீயை ஜிசியிடமிருந்து காப்பாற்றாத டேபிள்) போட்டுவைத்து, முழு ஜிசி ஓட்டிவிட்டு எண்ணுங்கள்.

திருத்தம்: உடலுக்கு ஆர்கியுமென்ட்டே வேண்டாம்.

ஓட்டு = ஃபங்ஷன்(வேலை, ...)
  எக்ஸ்பிகால்(வேலை, டீபக்.ட்ரேஸ்பேக், ...)
எண்ட்

உடல் = ஃபங்ஷன்()
  லோக்கல் சேதி = நில்
  வைல் ட்ரூ டூ
    ஓட்டு(யீல்டு(சேதி))
    சேதி = முடிந்தது
  எண்ட்
எண்ட்

புதிதாக உருவாக்கின உடனே ஆர்கியுமென்ட் இல்லாமல் ஒரு தடவை ரெஸ்யூம் செய்தால் அது முதல் யீல்டில் போய் நிற்கும். அதன் பிறகு புதுசோ பழசோ எல்லாவற்றுக்கும் ஒரே வழி: ரெஸ்யூம்(கோ, வேலை, கனெக்‌ஷன்). மூன்று புள்ளி இப்போது ஓட்டு என்கிற சின்ன ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கிறது. அது ஒவ்வொரு தடவையும் ரிட்டர்ன் ஆவதால் கனெக்‌ஷன் அதோடு போய்விடும். சேதியில் இருப்பது ஒரே ஒரு அடையாள டேபிள், எல்லாவற்றுக்கும் பொது, அதில் செலவு இல்லை.

எக்ஸ்பிகால் எதற்கு என்றால், வேலைக்குள் பிழை வந்தால் கோரூட்டீன் டெட் ஆகிவிடும், டெட் ஆனதைத் திரும்ப ரெஸ்யூம் பண்ண முடியாது. பிகால் மட்டும் போட்டால் பிழை வாசகம்தான் வரும், எந்த வரியிலிருந்து வந்தது என்ற தடம் போய்விடும். அதனால் ட்ரேஸ்பேக்கை ஹேண்ட்லராகக் கொடுங்கள். அது திருப்பித் தருகிற ட்ரேஸை லாகில் எழுத மறக்காதீர்கள், மேலே நான் அதை விட்டிருக்கிறேன். லுவா 5.2-லிருந்து பிகாலுக்குள்ளிருந்து யீல்டு செய்யலாம். 5.1-ல் முடியாது, சி எல்லை தாண்டுகிறது என்று பிழை தரும்.

முள்ளுக்கத்திரி பதில்:

கனெக்‌ஷன் திறந்தே இருக்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் இங்கே பூல் எதற்கு? ஒரு கோரூட்டீன் உருவாக்க இரண்டு மூன்று மாலாக், அவ்வளவுதான். செகண்டுக்கு ஆயிரக்கணக்கில் குட்டி வேலைகள் பிறந்து சாகிற இடத்தில் பூல் பலன் தரும். கேம் சர்வரில் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு கோரூட்டீன் ஓடினால் போடலாம். உங்களிடம் கரண்ட் போய் வரும் சாயங்காலத்தைத் தவிர மற்ற நேரத்தில் புதுக் கோரூட்டீனே பிறக்காது.

நம்பவில்லையென்றால் 1 லட்சம் தடவை உருவாக்கி, ஒரு ரெஸ்யூம் கொடுத்து, ஓஎஸ்.கிளாக்கில் முன்னும் பின்னும் பாருங்கள். பிறகு அதே வேலையைப் பூல் வழியாக. வித்தியாசம் வரும், ஆனால் உங்கள் சுமைக்கு அது பொருட்டா என்று நீங்களே சொல்வீர்கள். பூல் மெமரியை மிச்சம் பிடிக்காது, உருவாக்கி அழிக்கிற செலவைத்தான் மிச்சம் பிடிக்கும். மெமரியைப் பொறுத்தவரை பூல் கூடுதல் செலவுதான்.

மக்கன்பேடா:

கோட்டைஅகழி அண்ணா, மைனஸ் 1-ல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, நேற்று கட் ஆன மீட்டரின் ஐடியோடு. உடலை நீங்கள் சொன்னபடி மாற்றி, டெஸ்ட் மெஷினில் அதே கூட்டத்தைப் போலியாக விட்டுப் பார்த்தேன். முழு ஜிசிக்குப் பிறகு 36 எம்பி, பூலில் அதே மாதிரி மூவாயிரத்துச் சொச்சம்.

முள்ளுக்கத்திரி சொல்வதும் புரிகிறது. ஆனால் எஸ்எம்எஸ் அலர்ட், டேட்டாபேஸ் எழுதுவது எல்லாம் இதே பூலிலிருந்துதான் குட்டி வேலைகளாகப் போகின்றன, அதனால் எடுக்க மனசு வரவில்லை.

இரண்டு கேள்வி மிச்சம். கையால் ஜிசி ஓட்டாவிட்டால் கவுண்ட் பல மணி நேரம் உச்சத்திலேயே நிற்கிறது. ஓட்டினாலும் ஆர்இஎஸ் இறங்கவில்லை.

பாலாற்றுமணல் பதில்:

முதல் கேள்விக்குக் காரணம் பாஸ் என்கிற அளவு. இன்கிரிமென்டல் முறையில் அதன் டிஃபால்ட் 200. ஒரு சுற்று முடிந்தபோது மிஞ்சின மெமரி இரண்டு மடங்கு ஆகும்வரை அடுத்த சுற்றைத் தொடங்காதே என்று அர்த்தம். கூட்ட நேரத்தின் நடுவில் ஒரு சுற்று முடிந்து 90 எம்பி உயிரோடு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தது 180-ல்தான் தொடங்கும். கூட்டம் கலைந்த பிறகு நிமிஷத்துக்கு 1800 சின்னப் பாக்கெட் மட்டும் வருகிறது, அந்த 180-ஐத் தொட எவ்வளவு நேரமாகும்! குப்பை இருக்கிறது, கூட்டத்தான் ஆள் வரவில்லை. பாஸை 130, 140 அளவுக்கு இறக்குங்கள். சிபியு கொஞ்சம் கூடும், இந்தச் சுமையில் தெரியாது. அதோடு வேலையில் இருக்கிற கோரூட்டீன் எண்ணிக்கை உச்சத்திலிருந்து பாதிக்குக் கீழே இறங்கினால் ஷெட்யூலர் ஓய்வாக இருக்கிற சமயம் பார்த்து ஒரு முழு ஜிசி.

பாஸைத் தொடும்போது இதையும் மனதில் வையுங்கள்: ஸ்டாக்கில் எழுதும்போது லுவா ரைட் பேரியர் (மாற்றத்தை ஜிசிக்குத் தெரிவிக்கும் குறிப்பு) போடுவதில்லை. அதனால் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு கோரூட்டீனையும் சுற்றின் கடைசியில், இடைவெளி விடாத அடாமிக் கட்டத்தில், மறுபடி ஒருமுறை நடக்கிறது. சும்மா கிடக்கிற மூவாயிரமும் அந்தக் கணக்கில் சேரும். ஜெனரேஷனல் முறைக்கு (புதிதாகப் பிறந்ததை மட்டும் அடிக்கடி பார்க்கும் முறை) மாறினால் சின்னச் சுற்று ஒவ்வொன்றிலும் அதே நடை. பூல் பெரிதாக இருப்பதன் உண்மையான விலை 1 கேபியை விட இதுதான்.

ஸ்டாக் வீக்கம் வேறு. ஒரு வேலை டேபிள்.அன்பேக்கை 5000 உறுப்புள்ள டேபிளுக்குக் கூப்பிட்டால், அல்லது ஒரு நீள ஸ்ட்ரிங்கை ஸ்ட்ரிங்.பைட்டில் ஒரே அழைப்பில் முழுக்கப் பிரித்தால், அந்தக் கோரூட்டீன் ஸ்டாக் 5000 இடத்துக்கு மேல் வளரும், 80 கேபி. வேலை முடிந்ததும் தானாகச் சுருங்காது, ஜிசி சுற்றில்தான் சுருக்கும்: பயன்படுத்துவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் இரண்டு மடங்காகக் குறைக்கும். கால்இன்ஃபோவிலும் பயன்படாததில் பாதியை விடுவிக்கும். பூலில் சுழல்வதால் எல்லாக் கோரூட்டீனும் ஒரு நாள் அந்தப் பெரிய வேலையைச் செய்துவிடும், ஆக எல்லாமே ஒரு தடவை வீங்கும். ஹெக்ஸ் டம்ப் எழுதுகிறீர்களே, அதை ஸ்ட்ரிங்.பைட் வைத்துச் செய்கிறீர்களா என்று பாருங்கள். ஜிசப்பில் ஒவ்வொரு எழுத்தாக மாற்றினால் ஸ்டாக் வளராது.

ஆர்இஎஸ்ஸுக்கு லுவாவைக் குறை சொல்ல முடியாது. லுவா ஃப்ரீ பண்ணிவிட்டது, ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) தன்னிடமே வைத்துக்கொண்டது. டிஃபால்ட்டில் அது ஹீப்பின் உச்சிப் பக்கம் தொடர்ச்சியாகக் காலியானதைத்தான் கர்னலுக்குத் திருப்பும். உச்சிக்கு அருகே ஒரு 64 பைட் உயிரோடு இருந்தால் கீழே காலியாகக் கிடப்பதெல்லாம் அப்படியே நிற்கும். மாலாக்_ட்ரிம்(0) கூப்பிட்டால் நடுவில் முழுசாகக் காலியான பக்கங்களையும் விடுவிக்கும். பத்து வரியில் ஒரு சி மாட்யூல் போதும், முழு ஜிசி முடிந்த கையோடு கூப்பிடுங்கள். அடிக்கடி கூப்பிடாதீர்கள், விட்ட பக்கத்தைத் திரும்பத் தொட்டால் பேஜ் ஃபால்ட். அரீனா (த்ரெட்களுக்காக ஜிலிப்சி வைக்கும் தனித்தனி ஹீப்) எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். உங்களுடையது ஒரே த்ரெட், அதற்குப் பலன் இல்லை.

கோட்டைஅகழி பதில்:

மெமரி தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் முதல் குறியீட்டில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. கோரூட்டீன் தன்னைத்தானே பூலில் போட்டுவிட்டுப் பிறகு யீல்டு செய்கிறது. போடுகிற ஃபங்ஷன் ஒரு நாள் பெரிதாகி, காத்திருக்கிற வேலை இருந்தால் உடனே எடுத்துக் கொடு என்று ஆகும். அன்றைக்கு இன்னும் நிற்காத கோரூட்டீனை ரெஸ்யூம் செய்யப்போய், சஸ்பெண்ட் ஆகாததை ரெஸ்யூம் பண்ண முடியாது என்று பிழை வரும். மேலே முடிந்தது என்கிற அடையாளத்தை யீல்டு வழியாக அனுப்பச் சொன்னது இதற்குத்தான். ரெஸ்யூம் திரும்பி வந்து அந்த அடையாளம் கையில் கிடைத்த பிறகு ஷெட்யூலரே பூலில் போடட்டும். வரம்பையும் அதே இடத்தில் பாருங்கள்: 64 அல்லது 128-க்கு மேல் இருந்தால் பூலில் போடாமல் விட்டுவிடுங்கள், யாரும் பிடிக்காத கோரூட்டீனை ஜிசியே அள்ளிக்கொள்ளும். உங்கள் குட்டி வேலைகளுக்கு 128 தாராளம்.

வரம்பு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டாமென்றால் பூல் டேபிளை வீக் ஆக்கிவிடலாம். ஸ்கைநெட் என்கிற கேம் சர்வர் ஃப்ரேம்வொர்க்கில் அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஜிசி சுற்றும் சும்மா கிடப்பதைக் காலி பண்ணும். நடுவில் ஓட்டை விழுந்தால் நீளம் காட்டும் எண் தப்பாகுமே என்று பயம் வேண்டாம். லுவா தருகிற எல்லைக்கு அடுத்த இடம் எப்போதும் நில் தான், அதனால் அங்கே எழுதினால் இருப்பது எதுவும் அழியாது. அதிகபட்சம் சில கோரூட்டீன்கள் கண்ணில் படாமல் தாண்டிப்போகும், அவ்வளவே.

பழைய எழுப்பல் இன்னொன்று. ஒரு வேலை 30 செகண்ட் டைமர் வைத்துவிட்டு, டேட்டா முன்பே வந்துவிட்டதால் முடிந்து பூலுக்குப் போகிறது. டைமரை ரத்து செய்யவில்லை. அதே கோரூட்டீன் வேறு மீட்டரின் வேலையில் ரீடுக்காக நிற்கும்போது டைமர் வெடித்து அதை எழுப்பும். வாலாஜா மீட்டருக்கு வந்த டைம்அவுட் ஆம்பூர் மீட்டரின் தலையில் விழும். பூல் இல்லாதபோது இது டெட் கோரூட்டீனை ரெஸ்யூம் செய்தாய் என்று சத்தமாகப் பிழை தரும், பூலில் சத்தமில்லாமல் தப்பு நடக்கும். ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஏறுவரிசையில் ஒரு டிக்கெட் எண் கொடுங்கள். எழுப்புகிறவர் அந்த எண்ணைக் காட்ட வேண்டும், பொருந்தாவிட்டால் எழுப்பாதீர்கள்.

எஃப்டி எண்ணிலும் (சாக்கெட்டுக்குக் கர்னல் தரும் எண்) இதே கதை. சாக்கெட்டை மூடினால் எபோல் அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், ஆனால் உங்கள் காத்திருப்பு டேபிளில் அந்த எண்ணுக்கு எதிரே பழைய கோரூட்டீன் இருக்கும். கர்னல் அதே எண்ணை அடுத்த கனெக்‌ஷனுக்குக் கொடுக்கும். எனவே முதலில் டேபிளிலிருந்து எடுங்கள், பிறகு மூடுங்கள். கோரூட்டீனைக் கீயாக வைத்து லாக் ஐடி, மீட்டர் ஐடி எதையாவது சேமித்திருந்தால் அதையும் வேலை முடிவில் துடையுங்கள், இல்லையென்றால் அடுத்த வேலையின் லாகில் முந்தின மீட்டர் பெயர் வரும்.

மக்கன்பேடா:

டிக்கெட் எண் என்னிடம் இல்லை. லாகில் எப்போதாவது தப்பான மீட்டருக்கு டைம்அவுட் வந்தது, மீட்டர் பக்கம்தான் கோளாறு என்று விட்டுவைத்திருந்தோம். இன்றே போடுகிறேன்.

கூட்டத்தையே குறைக்க வழி உண்டா? 1800 மீட்டருக்கு 5200 கோரூட்டீன் (வேலையில் 1800, பூலில் 3400) ஏன் ஆகிறது?

பாலாற்றுமணல் பதில்:

மீட்டருக்குக் கரண்ட் போனால் அது கனெக்‌ஷனை முறையாக மூடாது, மூட அதற்கு உயிர் இல்லை. உங்கள் பக்கம் அந்தச் சாக்கெட் திறந்தே இருக்கும், கோரூட்டீன் ரீடில் நிற்கும். லினக்ஸ் கீப்அலைவை நம்பினால் டிஃபால்ட் 7200 செகண்ட் கழித்துத்தான் முதல் சோதனை, அதுவும் அந்தச் சாக்கெட்டில் கீப்அலைவை நீங்கள் ஆன் பண்ணியிருந்தால். அதற்குள் அதே மீட்டர் இரண்டு மூன்று தடவை புதிதாக வந்துவிடுகிறது.

இரண்டு வேலை செய்யுங்கள். ரீட் டைம்அவுட் 3 நிமிஷம், அதாவது மூன்று அளவீடு தொடர்ந்து தவறினால் போதும். மீட்டர் லாகின் ஆகும்போது அதே ஐடியில் பழைய கனெக்‌ஷன் இருந்தால் அதை அப்போதே கிளப்பிவிடுங்கள். கிளப்பும்போது கோரூட்டீன்.க்ளோஸ் கூப்பிட வேண்டாம், அது கோரூட்டீனைக் கொன்றுவிடும், பூலுக்குத் திரும்பாது. ரீடில் நிற்கிறதை நில், மூடப்பட்டது என்று இரண்டு மதிப்போடு ரெஸ்யூம் செய்யுங்கள். வேலை தானாகவே வெளியே வந்து, சாக்கெட்டை மூடி, முடிந்தது என்று சொல்லட்டும். வேலைக்குள் க்ளோஸ் குறியிட்ட லோக்கல் வைத்திருந்தால் அவையும் இந்த வழியில் ஒழுங்காக மூடிக்கொள்ளும். யாரும் ரெஸ்யூம் பண்ணாமல் ஜிசிக்கு விட்டால் அவை மூடவே மூடாது, ஃபைல் ஹேண்டில் மாதிரி தனக்கென ஃபைனலைசர் (ஜிசி அள்ளும்போது ஓடுகிற ஃபங்ஷன்) உள்ளவை மட்டும் தப்பிக்கும்.

மீட்டரின் ஃபர்ம்வேர் உங்கள் கையில் இருந்தால், மறு கனெக்‌ஷனுக்கு 10 செகண்ட் என்று கறாராக வைக்காமல் 5-லிருந்து 60 செகண்டுக்குள் ரேண்டமாக வைக்கச் சொல்லுங்கள். அந்த ரேண்டம் எண்ணுக்கு விதை மீட்டரின் சீரியல் எண்ணாக இருக்கட்டும். பூட் ஆன நேரத்தை விதையாக வைத்தால் ஒரே ஃபீடரில் இருக்கிற எல்லா மீட்டருக்கும் ஒரே நேரம்தான், மறுபடி கூட்டமாகவே வந்து நிற்கும்.